கியர்பாக்ஸ் பெரிதானால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் மோட்டார் பக்கத்தில், பழைய ஃபோர்டு மஸ்டாங் காரின் இன்ஜின் சக்தியைக் கூட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். சிலிண்டர் ஹெட், கேம் ஷாஃப்ட், இன்ஜெக்டர் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னவர், கியர்பாக்ஸ் என்று வந்ததும் '600 பவுண்டு-அடி முறுக்குவிசை தாங்கும் பெட்டியைப் போட்டுவிட்டால் கவலை விட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறைய. பழைய பெட்டி உடைந்ததற்கான காரணம் பாதிக்குப் பாதி அதற்கு முன்னாலோ பின்னாலோதான் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பெரிய பெட்டியை ஏற்றினால், பழையதைத் தின்ற கோளாறு புதியதையும் தின்னும். கொஞ்சம் மெதுவாகத் தின்னும், அவ்வளவுதான்.

பேச்சு பொதுப்படையாகப் போகாமல் இருக்க, கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட காரையே எடுத்துக்கொள்வோம். 1979 முதல் 1993 வரை வந்த ஃபாக்ஸ் தலைமுறை மஸ்டாங், 5.0 லிட்டர் வி-8 இன்ஜின். (உண்மையில் 4.9 லிட்டர்தான். ஃபோர்டு தாராளமாக எண்ணிக்கொண்டது.) 1987 முதல் 1992 வரை இந்த இன்ஜினுக்கு ஃபோர்டு சொன்ன கணக்கு 225 குதிரைத்திறன், 300 பவுண்டு-அடி முறுக்குவிசை, அதாவது சுமார் 407 நியூட்டன் மீட்டர். அதன் பின்னால் இருந்தது போர்க் வார்னரின் டி-5 என்ற ஐந்து கியர் பெட்டி. 1985 முதல் 1989 வரை வந்த டி-5-இன் தாங்கும் அளவு 265 பவுண்டு-அடி. 1990-க்குப் பின் வந்தது 300. அப்படியானால் 1987, 88, 89-ஆம் ஆண்டுக் கார்களில் இன்ஜின் தரும் விசை, பெட்டிக்கு எழுதிவைத்த அளவைவிட அதிகம். ஆனாலும் அந்தக் கார்களில் எத்தனையோ டி-5 பெட்டிகள் லட்சம் மைல் தாண்டி இன்னும் ஓடுகின்றன. அதே பெட்டி, அதே இன்ஜின், சாலையை ஒட்டிப் பிடிக்கும் வழவழப்புப் பந்தய டயர் மாட்டிய ஒரே மதியத்தில் மூன்றாம் கியர் பல் உதிர்ந்து நிற்பதும் உண்டு. பெட்டியின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கின்றன என்பது விளங்காது.

அந்த எண் இன்புட் ஷாஃப்ட்டில், அதாவது இன்ஜின் பக்கமிருந்து பெட்டிக்குள் நுழையும் தண்டில், சீராக வரும் விசையைக் குறிப்பது. இன்ஜினை 5,000 சுற்றில் வைத்துக் கிளட்சைப் படாரென்று விட்டால் இன்ஜினின் விசை மட்டும் உள்ளே போவதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் ஃபிளைவீல் என்ற கனச் சக்கரம், இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டின் வேகமும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பெட்டிக்குள் இறங்குகிறது. அந்த அடி இன்ஜினின் உச்ச விசையைப் பல மடங்கு தாண்டும். சாதாரண டயர் என்றால் வழுக்கிக்கொண்டு அந்த அடியை வெளியே விட்டுவிடும். ஒட்டும் டயர் விடாது.

டி-5-இல் பற்சக்கரங்களைத் தாங்கும் இரு தண்டுகளான மெயின் ஷாஃப்ட்டுக்கும் லே ஷாஃப்ட்டுக்கும் நடுவே உள்ள தூரம் 77 மில்லிமீட்டர். சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது இந்த இரண்டு ஷாஃப்டையும் பிரிக்கப் பார்க்கும். அலுமினியக் கூடு கொஞ்சம் விரிந்து கொடுக்கும். பல் முழு ஆழத்துக்குப் பிடிக்காமல் நுனியில் பிடிக்கும், நுனியில் விழும் சுமை வேரில் ஒடிக்கும். 2-லிருந்து 3-க்கு ஆக்ஸிலரேட்டரை விடாமல் மாற்றுகிறவர்களுக்கு அந்த அடி நேராக மூன்றாம் கியரில் விழுகிறது. நான்காம் கியரில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அது நேரடி இணைப்பு. லே ஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுற்றும். இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ சோதனையை வழக்கமாக நான்காம் கியரில் செய்கிறார்கள். டைனோவில் 400 குதிரைத்திறன் காட்டியும் பெட்டி தாங்கியது என்று சொல்வதில் பொருளே இல்லை என்பது இதனால்தான்.

ஐந்தாம் கியரின் கதை வேறு. அது முதன்மைக் கூட்டுக்கு வெளியே, வால் பகுதியில் தொங்குகிறது. ஐந்தில் போட்டு 60 கிலோமீட்டர் வேகத்தில் மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர்கள் அந்தக் கியரைத்தான் முதலில் இழப்பார்கள். அவர்களுக்குப் பெரிய பெட்டி தேவையில்லை, கியரைக் குறைக்கும் பழக்கம்தான் தேவை.

ஆகவே முதல் வேலை, பழைய பெட்டியைத் திறந்து உடைந்த இடத்தைப் பார்ப்பது. எண்ணெயை வடிக்கும்போது மஞ்சள் பொடி மெல்லியதாக வந்தால் சின்க்ரோ ரிங் (கியர் மாறும்போது சுற்றும் வேகங்களை ஒன்றாக்கும் வளையம்) தேய்மானம், இயல்புதான். இரும்புத் துண்டு வந்தால் பல். ஒடிந்த பல்லைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முறிந்த முகம் முழுக்கச் சொரசொரப்பாக, மணல் போலப் பளபளத்தால் அது ஒரே அடியில் போனது. கிளட்சை விட்ட விதம், டயர், ஓட்டிய கை இவைதான் காரணம். முறிவின் ஒரு பாதி வழவழப்பாக, வேரிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள் பரவி, மீதிப் பாதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால் அது நாள்பட்ட சோர்வு. விரிசல் எப்போதோ தொடங்கி மெல்ல வளர்ந்திருக்கிறது. இனி உடையாத பற்களைப் பாருங்கள். தேய்ந்து மினுங்கும் தடம் பல்லின் நடுவில் இல்லாமல் ஒரே ஓரமாக ஒதுங்கியிருந்தால் ஷாஃப்ட்டுகள் நேர்கோட்டில் ஓடவில்லை. அதற்குப் பேரிங் தேய்மானம் காரணமாகலாம், கூடு விரிவது காரணமாகலாம், கிளட்சை மூடி இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங் மையம் தவறியதும் காரணமாகலாம். இந்த மூன்றில் கடைசியானது புதுப் பெட்டிக்கும் அப்படியே சொத்தாகப் போய்ச் சேரும்.

சத்தத்தையும் கேட்க வேண்டும். நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது உறுமி, மிதித்ததும் அடங்கினால் இன்புட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போதுதான் கிறீச்சிட்டால் கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங், இல்லையென்றால் கிராங்கின் முனையில் இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங். இவை எதுவும் 'பெட்டி தாங்கவில்லை' என்ற கணக்கில் வராது.

காரணங்கள் எல்லாம் தீர்ந்து, இன்ஜின் உண்மையிலேயே 350, 400 பவுண்டு-அடி தருகிறது, காரும் பந்தயத்துக்குப் போகிறது என்றால் பெரிய பெட்டி நியாயமான செலவு. சுமார் 330 பவுண்டு-அடிக்குள் நிற்பவர்களுக்கு ஃபோர்டு தன் பந்தயப் பட்டியலில் விற்ற டி-5 இசட் ரகமே போதும். முதல் கியர் 3.35-க்குப் பதில் 2.95, உலோகமும் உயர்ந்தது, பழைய இடத்தில் அப்படியே உட்காரும். அதற்கு மேல் போகிறவர்கள் இப்போது தேடுவது ட்ரெமெக் நிறுவனத்தின் டி.கே.எக்ஸ். டி-5-ஐப் போர்க் வார்னரிடமிருந்து வாங்கியதும் இதே நிறுவனம்தான். முன்பு விற்ற டி.கே.ஓ. பெட்டியை நிறுத்திவிட்டு 2020-இன் இறுதியில் இதை அறிமுகப்படுத்தினார்கள். 600 பவுண்டு-அடி, அதாவது சுமார் 813 நியூட்டன் மீட்டர், தாங்கும். 8,000 சுற்றுவரை கியர் மாற்றலாம் என்கிறார்கள். பழைய டி.கே.ஓ. 6,000 சுற்றுக்கு மேல் கியர் விழாமல் அடம்பிடிக்கும் என்ற கெட்ட பெயர் வாங்கியது; பற்சக்கரம் கனமாக ஆக, அதை நிறுத்திப் பிடிக்க சின்க்ரோவுக்குக் கூடுதல் வேலை. அந்தக் குறையைப் புதியதில் பெருமளவு தீர்த்திருக்கிறார்கள். எடை டி-5 சுமார் 34 கிலோ, இது சுமார் 45. தனியாளாகப் படுத்துக்கொண்டு மார்பில் வைத்து ஏற்றும் வேலை இனி வேண்டாம். பெட்டி ஜாக் வாடகைக்காவது எடுங்கள்.

கியர் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்தப் பெட்டி 2.87 முதல் கியரோடும் வருகிறது, 3.27 முதல் கியரோடும் வருகிறது. பின் அச்சின் கிரவுன் பினியன் (சக்கரங்களைச் சுழற்றும் கடைசிப் பற்சக்கர ஜோடி) விகிதத்தோடு பெருக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பழைய காரில் 3.35 முதல் கியர், 3.08 கிரவுன், பெருக்கினால் 10.3. கிரவுனை 3.55-க்கு மாற்றியவர் 2.87 பெட்டியை வாங்கினால் 10.2 வரும், கார் பழைய மாதிரியே நகரத் தொடங்கும். 3.27 பெட்டி வாங்கினால் 11.6. கிரவுன் 3.73 ஆக இருந்து 3.27 பெட்டியும் சேர்ந்தால் 12.2, முதல் கியர் போட்ட மறுநொடி இரண்டாவதுக்குப் போக வேண்டியிருக்கும், பின் டயர் புகை விட்டுக்கொண்டே இருக்கும். சாலையில் ஓடும் காருக்கு 10-க்கும் 11-க்கும் இடையில் நிற்பது நல்லது என்பது எங்கள் கருத்து. மேல் கியருக்கும் இதே கணக்கு. 25.6 அங்குல விட்டமுள்ள டயர், 3.55 கிரவுன், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 0.68 ஐந்தாம் கியரில் இன்ஜின் சுமார் 1,970 சுற்று ஓடும், 0.81-இல் சுமார் 2,345. பெரிய கேம் போட்ட இன்ஜின் 2,000 சுற்றுக்குக் கீழே திக்கித் திணறும். அப்படிப்பட்டவருக்கு 0.68 வேண்டாம்.

பெட்டி வந்து சேர்ந்ததும் பழைய கிளட்ச் பிளேட்டை மாட்டப் பார்த்தால் ஏறாது. டி-5-இன் இன்புட் ஷாஃப்ட் 10 ஸ்பிளைன் (தண்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), 1 1/16 அங்குலம். புதியது 26 ஸ்பிளைன், 1 1/8 அங்குலம். பின்னால் டி-5 28 ஸ்பிளைன், புதியது 31. ஆகவே கிளட்ச் பிளேட்டும் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன் இணைப்பான யோக்கும் கட்டாயம் மாறும். புது பிளேட்டைக் கையால் இன்புட் ஷாஃப்ட்டில் போட்டு நழுவவிட்டுப் பாருங்கள். எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்பிளைனில் கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவி, எஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். தாராளமாக அப்பினால் சுற்றும் வேகத்தில் சிதறி பிளேட்டில் பட்டு கிளட்ச் வழுக்கும், பழி புது கிளட்ச் மேல் விழும்.

ஃபிளைவீலை வாங்கும்போது ஒரு எண்ணை மறக்கக் கூடாது. இந்த 5.0 இன்ஜினின் சமநிலை எடை ஃபிளைவீலிலேயே வார்த்து வருகிறது. அளவு 50 அவுன்ஸ்-அங்குலம். 1980-களின் தொடக்கத்துக்கு முந்தைய இதே 302 கன அங்குல இன்ஜினுக்கும், பெரிய 351 வின்ட்சருக்கும் அது 28. மாற்றிப் போட்டால் கார் நடுங்கும், நடுக்கத்தைப் பெட்டியின் கோளாறு என்று நினைத்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பீர்கள், அதற்குள் கிராங்க் பேரிங் போயிருக்கும். ஃபிளைவீல் போல்ட் ஆறுக்கும் 75 முதல் 85 பவுண்டு-அடி, அதாவது 102 முதல் 115 நியூட்டன் மீட்டர் முறுக்கு. துளைகள் கிராங்கின் உட்பக்கம்வரை போவதால் மரையில் சீலன்ட் தடவாவிட்டால் எண்ணெய் கசிந்து கிளட்சுக்கு வரும்.

இனி சொல்லப்போவதைத்தான் கட்டுரையாளர் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்: பெல் ஹவுசிங்கின் மையம். கிராங்க் ஷாஃப்ட்டின் நடுக்கோடும் கியர்பாக்ஸ் உட்காரும் துளையின் நடுக்கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். ட்ரெமெக் கேட்பது, டயல் கேஜ் என்ற ஊசி அளவுக் கருவி முழுச் சுற்றில் காட்டும் மொத்த ஓட்டம் 0.005 அங்குலத்துக்குள். லேத் பட்டறையில் தௌ என்பார்களே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதில் ஐந்து, 0.127 மில்லிமீட்டர். தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாக்கும் பெல் ஹவுசிங்கும் சேர்ந்து இதற்குள் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வெளிச்சந்தையில் வாங்கிய எஃகு பெல் ஹவுசிங் என்றால் நிச்சயமாக அளக்க வேண்டும்.

அளக்கும் முறை இது. கிளட்சைக் கழற்றிவிடுங்கள். பிளாக்குக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் வரும் மெல்லிய தகடு அதன் இடத்தில் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அளந்தால் அந்த அளவு செல்லாது. போல்ட்டுகளைச் சரியான முறுக்கில் இறுக்குங்கள். டயல் கேஜின் காந்த அடியை ஃபிளைவீலில் ஒட்டி, ஊசியை ஹவுசிங் துளையின் உள் சுவரில் வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்கைக் கையாலேயே மெல்லச் சுற்றலாம். கடிகாரம் போல 6, 9, 12, 3 என்று நான்கு இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 6 மணியில் ஊசியைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்கி, 9-இல் 9 தௌ, 12-இல் 18, 3-இல் 9 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 6-ஐயும் 12-ஐயும் கூட்டினால் 18. 3-ஐயும் 9-ஐயும் கூட்டினாலும் 18. இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போனால் அளவு நம்பத்தக்கது. ஒத்துப்போகாவிட்டால் கேஜ் ஆடுகிறது அல்லது துளை வட்டமாக இல்லை, மறுபடியும் அளக்க வேண்டும்.

12 மணியில் ஊசி 18 தௌ உள்ளே தள்ளப்பட்டால் மேல் சுவர் கிராங்குக்குக் கிட்டே இருக்கிறது, அதாவது ஹவுசிங் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு கீழே? மொத்த ஓட்டத்தில் பாதி, 9 தௌ. இந்தப் பாதியாக்கும் கணக்கை மறந்து 18 தௌ ஏற்றுகிறவர்கள் எதிர்ப்பக்கம் அதே தவறைச் செய்துவிடுகிறார்கள். ஹவுசிங்கைப் பிளாக்கில் நிலைநிறுத்தும் முளைகளான டவல் பின்களை இதற்கென்றே மையம் ஒதுங்கியதாக விற்கிறார்கள், 7, 14, 21 தௌ அளவுகளில். இங்கே 7 தௌ பின் இரண்டும் போட்டு ஹவுசிங்கை மேலே தூக்கினால் மீதி 2 தௌ, கேஜ் ஓட்டம் 4. ஐந்துக்குள் வந்துவிட்டது. இரண்டு பின்னின் சாய்வும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று மேலேயும் மற்றது பக்கவாட்டிலும் பார்த்தால் ஹவுசிங் உட்காரவே உட்காராது. பின்னைத் திருப்பி நிறுத்திய பிறகு திரும்பவும் அளந்தே தீர வேண்டும். ஊசியை ஹவுசிங்கின் பின் முகத்தில் வைத்து, கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றும் பாருங்கள். முகம் சாய்ந்திருந்தால் அதுவும் தெரியும்.

அரை நாள் வேலை, செலவு ஒரு டயல் கேஜும் இரண்டு பின்னும். இதைத் தவிர்த்தவருக்கு என்ன நடக்கும்? கிளட்சை முழுதாக மிதித்தாலும் பிளேட் பிரியாது, ரிவர்ஸ் போடும்போது கரகரக்கும். பைலட் பேரிங் ஒரு பக்கமாகத் தின்னப்படும். இன்புட் பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரில் பாட ஆரம்பிக்கும். வேகமாகப் போகும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும். கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் விரிசல் விடும். இத்தனைக்கும் சேர்த்துப் பெட்டி விற்றவரிடம் உத்தரவாதம் கேட்டுப் போனால், அவர் கேட்கும் முதல் கேள்வி மையம் அளந்தீர்களா என்பதுதான்.

பெட்டியை ஏற்றும்போது கடைசிக் கால் அங்குலம் நின்றுவிடுவது வழக்கம். அந்த இடைவெளியைப் போல்ட் போட்டு இழுத்து மூடக் கூடாது. அலுமினியக் காது ஒடியும், இல்லையென்றால் பைலட் பேரிங் நசுங்கும். நின்றதற்குக் காரணம் பிளேட் மையத்தில் இல்லை, அல்லது இன்புட் ஷாஃப்ட்டின் நீளமும் ஹவுசிங்கின் ஆழமும் பொருந்தவில்லை. இரண்டாவதை ஏற்றுவதற்கு முன்பே அளவுகோல் வைத்துப் பார்த்துவிடலாம்: ஷாஃப்ட்டின் நுனி பைலட் பேரிங்குக்குள் முழுதாகப் போக வேண்டும், ஆனால் கிராங்கின் குழியில் முட்டக் கூடாது. பெட்டியை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிட்டுப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவதும் கூடாது. அந்த எடைக்குப் பிளேட்டின் ஹப் வளைந்துவிடும், பிறகு கிளட்ச் இழுக்கும். இன்ஜினின் பின்பக்கத்தை ஆயில் சம்புக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை அடியில் தாங்கும் குறுக்குத் தாங்கியை எடுத்ததும் இன்ஜின் பின்னால் சாயும், ஹீட்டர் குழாயும் ஒயர்களும் இழுபடும். குறுக்குத் தாங்கியையும் டி.கே.எக்ஸ்-க்கு உரியதாக வாங்க வேண்டும், மவுன்ட் உட்காரும் இடம் வேறு.

இந்தக் காரில் கிளட்ச் கேபிளால் இயங்குகிறது. பெடலுக்கு மேலே தானாகச் சரிசெய்துகொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பல் வட்டம் இருக்கும். கனமான பிரஷர் பிளேட் போட்டதும் அந்தப் பல் வழுக்கும், பெடல் தரைவரை போகும், கியர் விழாது. அலுமினிய வட்டமும் ஃபயர்வாலில் திருகிச் சரிசெய்யும் முனையும் போட வேண்டும். அதிகம் இறுக்கினால் கிளட்ச் வழுக்கும்; தளர்த்தினால் முழுதாகப் பிரியாமல் சின்க்ரோவைக் கொல்லும். கேபிள் எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒட்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் உள்ள எர்த் ஒயர் அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் இந்தக் கேபிள் வழியாகத் திரும்பும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகி கேபிள் இறுகிக்கொள்ளும். கேபிளை மூன்று முறை மாற்றியும் தீராத இறுக்கத்துக்கு ஒரு எர்த் ஒயர் காரணமாக இருப்பதுண்டு.

கிளட்சைப் பற்றி இன்னொன்று. பெட்டி 600 தாங்குகிறது என்பதற்காகக் கிளட்சும் 600 பிடிக்க வேண்டும் என்பதில்லை. இன்ஜின் தருவதைவிடக் கொஞ்சம் மேலே பிடித்தால் போதும். கிளட்ச்தான் இந்த வரிசையின் ஃபியூஸ். அது கொஞ்சம் வழுக்கினால் பின்னால் இருப்பவை பிழைக்கும். இரும்பைப் பிடிப்பதுபோலப் பிடிக்கும் கிளட்சை வாங்கிவிட்டால் அடி அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும்: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யு.ஜே. கிராஸ், 8.8 அங்குலப் பின் அச்சின் 28 ஸ்பிளைன் ஷாஃப்ட்டுகள். ஆகவே பந்தய டயர் போடுகிறவர் 31 ஸ்பிளைன் அச்சு ஷாஃப்ட்டுக்கும் பணம் ஒதுக்கிவிட்டுப் பெட்டி வாங்குவது முறை. இன்ஜின் பிளாக்கே சுமார் 500 குதிரைத்திறனுக்கு மேல் டேப்பெட் பள்ளத்தின் வழியே நீளவாக்கில் பிளந்துவிடும் என்பது இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அறிந்ததே. 600 பவுண்டு பெட்டி முழுசாக இருக்கும், அதற்கு முன்னால் பிளாக் இரண்டாக இருக்கும்.

புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பொருத்தும்போது யோக்கை முழுதாக உள்ளே தள்ளி, பிறகு சுமார் ஓர் அங்குலம் வெளியே இழுத்த நிலையில் நீளம் பொருந்த வேண்டும். முட்டினால் வால் பகுதியின் பேரிங் போகும், அதிகம் வெளியே வந்தால் ஸ்பிளைன் பாதிதான் பிடிக்கும். சக்கரங்கள் மேல் காரின் எடை இருக்கும்போது கோணத்தை அளக்க வேண்டும், காரைத் தூக்கித் தொங்கவிட்டு அல்ல. பெட்டியின் பின் கோணமும் பினியன் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள், ஒவ்வொரு கிராஸிலும் 3 டிகிரிக்கு மிகாமல். ரப்பர் புஷ் உள்ள இந்தக் காரில் வேகமெடுக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும், அதனால் நிற்கும்போது ஒன்றிரண்டு டிகிரி கீழே வைப்பது வழக்கம், ஓடும்போதுதான் அந்த இணை அமையும். 80 கிலோமீட்டருக்கு மேல் தரையில் அதிர்வு தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பந்தயத்துக்குப் போகிறவர்கள் அலுமினியப் பெல் ஹவுசிங்கை மறந்துவிட வேண்டும். அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. என்ற கார் பந்தயச் சங்கத்தின் விதிப்படி கால் மைலை 11.49 நொடியிலோ அதற்கும் குறைவாகவோ ஓடும் கிளட்ச் காருக்கு எஸ்.எஃப்.ஐ. 6.1 தரச் சான்றுள்ள ஹவுசிங் கட்டாயம். விதி இல்லாவிட்டாலும் போடலாம்; வெடித்த ஃபிளைவீல் ஓட்டுநரின் கால் இருக்கும் இடத்தில்தான் வெளியே வரும்.

ஒயர் வேலையில் ரிவர்ஸ் விளக்கு சுவிட்சும் நியூட்ரல் சுவிட்சும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றிச் செருகினால் நியூட்ரலில் ரிவர்ஸ் விளக்கு எரியும், இன்ஜின் கணினி குழம்பும். ஸ்பீடோமீட்டர் பல்லையும் மாற்றிய கிரவுனுக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும்: 3.08-இல் 18 பல் சரியாக இருந்திருந்தால் 3.55-க்கு 20.7, அதாவது 21 பல். புதுப் பெட்டியின் உள்ளே உள்ள ஓட்டும் பல்லின் எண்ணிக்கை பழையதோடு ஒன்றுதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கியர் கம்பியின் நிறுத்தத் திருகுகளையும் சரிசெய்துவிட வேண்டும். இல்லையென்றால் கையின் வேகம் முழுக்க, பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க்கில் இறங்கி அதை வளைக்கும்.

எண்ணெய் விஷயத்தில் 'கனமான பெட்டிக்குக் கனமான எண்ணெய்' என்று 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டி-5-இன் பிந்தைய ரகத்துக்கும் சரி, டி.கே.எக்ஸ்-க்கும் சரி, ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஊற்றும் டெக்ஸ்ரான்-3 வகைதான். தடித்த எண்ணெயில் சின்க்ரோ ரிங் எண்ணெய்ப் படலத்தை வெட்டிக்கொண்டு பிடிக்க முடியாது. குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் கரகரக்கும். டி-5 கொள்வது சுமார் 2.65 லிட்டர். புதியதற்கு, கார் சமதளத்தில் நிற்கும்போது பக்கவாட்டு அடைப்பின் துளை விளிம்புவரை ஊற்றினால் சரி.

புது கிளட்சுக்கு முதல் 800 கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டம், நின்று நின்று போகும் ஓட்டம், கிளட்சை விசுக்கென்று விடாமல். அது முடிந்ததும் பெட்டி சூடாக இருக்கும்போதே எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். வடிகால் அடைப்பின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மெல்லியதாக ஒட்டியிருந்தால் போட்டு மூடி ஓட்டலாம். விரலில் நெருடும் துண்டு இருந்தால் இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் பெட்டியை இறக்குங்கள். இறக்கியதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் டயல் கேஜை எடுத்து ஹவுசிங்கை அளங்கள்.

இப்படிக்கு,
கியர்பாக்ஸ் வேலை செய்யும் வாசகர்கள்,
மிச்சிகன், அமெரிக்கா.